ஐந்தடி ஆறங்குலம்

பல்லுக் கட்டுவது என் தொழில்.
பகலெல்லாம் யாரோ ஒருவரின் கடைவாயை
மெழுகில் செதுக்கி, அக்கிரிலிக்கில் வார்த்து,
முரசின் சிவப்பு கூடிப்போச்சா என்று
யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
மிஞ்சிய சாந்தும் தேய்ந்த ஊசிகளும்
பின்னேரம் என்னோடு வீட்டுக்கு வரும்.

கோட்டைமுனையில், வாடகை அறையில்,
பிணைச்சல் கழற்றிய ஒரு பழைய கதவின் மேல்
மட்டக்களப்பு ஸ்ரேஷன் கிடக்கிறது.
எண்பத்தேழில் ஒன்று.

சிலிப்பர் கட்டைக்கு ஐஸ்பழக் குச்சி,
தேயிலைச் சாயத்தில் இரண்டு நாள் ஊறியது.
கூரையில் இருக்கும் காகம் ஒவ்வொன்றும்
ஒரு கருஞ்சீரகம்.
துருவுக்கு மட்டும் நாலு நிறம் கலந்தேன்.
கக்கூஸ் பெட்டி நின்றுபோகும் இடத்தில்
தண்டவாள நடுவே கல் கொஞ்சம் கறுத்திருக்கும்,
போய்ப் பார்த்துவிட்டு வந்து
அதையும் பூசினேன்.

ஏறாவூரிலிருந்து வேலைக்கு வரும் றிபாயா
ஒருநாள் மழைக்கு ஒதுங்கினவள், குனிந்து பார்த்தாள்.
"ஏன்கா இது சுத்தி வராதா?
எல்லாற்ற கோச்சியும் வட்டமாத்தானே ஓடும்?"
மட்டக்களப்பு வட்டமில்லை, என்றேன்.
பாதை இங்கே முடியுது.
எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிவந்து,
வால் இருந்த இடத்தில் தலையைப் பூட்டவேணும்.
"மறுகா எங்க போகும்?"
சுவரோரம் அலுமாரி, அதன் முதுகில் ஓர் ஓட்டை.
கொழும்பு உள்ளே இருக்கு, என்றேன்,
என் சீலைகளுக்குக் கீழே.
கணக்குப்படி செய்தால் நாலு கிலோமீற்றர் பாதை வேணும்,
கல்லடிப் பாலம் கடந்து கடற்கரை மணலில்தான்
கோட்டை ஸ்ரேஷனைக் கட்டலாம்.
"அப்ப ஏறாவூர்?"
நான் பதில் சொல்லவில்லை.
கதவின் நீளம் போதாமல்
ஏறாவூரை விட்டிருந்தேன்.
மழை விட்டதும் அவள் குடையை விரிக்காமலே போனாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த தண்டவாளம்
மூன்று மில்லிமீற்றருக்குக் கிட்ட ஒடுக்கம்.
அவர்களுடைய பாதை ஒடுக்கம், எங்களுடையது அகலம்.
இரண்டு றெயிலுக்கும் இடையே இங்கே
ஐந்தடி ஆறங்குலம்.

ஐந்தடி ஆறங்குலம்
என் உயரம்.
இரண்டு சம்பந்தம் அதனால் திரும்பிப்போனது,
மாப்பிள்ளைமாரின் தாய்மார் அண்ணாந்து பார்த்தார்கள்.

பிளாட்போமில் நிற்கவென்று என்னையும் வார்த்திருந்தேன்,
பல்லுக்கு வார்க்கும் அதே வெள்ளையில்,
பத்தொன்பது மில்லிமீற்றர், சொச்சம்.
சின்னக் கைப்பை, ஊதாச் சட்டை.
வாங்கின தண்டவாளத்தைப் பிய்த்தெறிந்து
றெயில் றெயிலாக நானே பதிக்கத் தொடங்கிய இரவு
அளவுகோலைக் காணவில்லை.
அவளை எடுத்தேன்.
குறுக்கே படுக்க வைத்தேன்.
தலை ஒரு றெயிலில், குதி மறு றெயிலில்,
மயிரிழை பிசகவில்லை.

முதலில் நெஞ்சு திக்கென்றது,
செய்யக்கூடாத எதையோ செய்ததுபோல.
பிறகு இரண்டாவது சிலிப்பர், மூன்றாவது.
அவளை நகர்த்தி, ஆணி அடித்து, நகர்த்தி,
விடியச் சாமம் மூன்று மணிக்கு
பாதை அலுமாரி வாசலைத் தொட்டது.

பன்னிரண்டு வோல்ற்றில் எஞ்சின் புறப்பட்டது.
பொயின்ற்றில் தடக்கிற்று, கவிழவில்லை.
இருட்டுக்குள் போய்
என் கலியாணச் சீலை என்று அம்மா வாங்கிவைத்த
நீலப் பட்டில் முட்டி நின்றது.

இப்போது ஒரு பலகை தேடுகிறேன்,
நாலடி இருந்தால் போதும்.
கட்டிலுக்கு மேலால் கொண்டுபோனால்
ஏறாவூர் வரும். றிபாயாவிடம் இன்னும் சொல்லவில்லை.
பிளாட்போமில் எல்லாரையும் பசை போட்டு ஒட்டியாயிற்று,
கச்சான் விற்பவனை, காட் மாஸ்ரரை, படுத்திருக்கும் நாயை.
அவளை மட்டும் ஒட்டவில்லை.
வேலை கிடக்கு அவளுக்கு.